க்ரப் ரெஸ்க்யூவில் நிற்கும் டூயல் பூட் கணினி: எம்பிஆரில் கைவைக்கும் முன்

கேள்வி இது: 1 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் இரண்டும் இருக்கின்றன. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பயன்படாத ஒரு டிரைவை அழித்த பிறகு, கணினியைப் போட்டால் ‘எரர்: நோ சச் பார்ட்டிஷன்’ என்று காட்டி ‘க்ரப் ரெஸ்க்யூ>’ என்ற வரியில் நின்றுவிடுகிறது. விண்டோஸும் வரவில்லை. எம்பிஆர் (டிஸ்க்கின் முதல் செக்டாரில் உள்ள பூட் ரெக்கார்டு) கெட்டுவிட்டது, விண்டோஸ் சிடி போட்டு ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ கொடுத்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா? ஃபைல்கள் இருக்குமா?

அழித்த டிரைவைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். ஃபிக்ஸ்எம்பிஆர் இப்போது வேண்டாம். உங்கள் எம்பிஆர் கெடவே இல்லை. க்ரப் என்பது மெனு காட்டி விண்டோஸையோ லினக்ஸையோ தொடங்கிவைக்கும் பூட் மென்பொருள். ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற சொல் திரையில் வந்ததே எம்பிஆர் கெடவில்லை என்பதற்குச் சாட்சி. எம்பிஆர் போயிருந்தால் இந்த வரி வரைக்கும் கணினி வந்திருக்காது.

ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பழைய பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) முறையில், கணினி டிஸ்க்கின் முதல் செக்டாரை மட்டும் படிக்கிறது. அது 512 பைட். அதில் முதல் 446 பைட் பூட் கோடு, அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் டேபிள் (16 பைட் வீதம் நான்கு வரிகள்), கடைசி 2 பைட் ‘55 ஏஏ’ என்ற அடையாளம். 446 பைட்டுக்குள் முழு க்ரப்பையும் அடைக்க முடியாது. அதனால் அந்தச் சிறு கோடு ஒரே வேலையைச் செய்கிறது: முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே உள்ள காலி இடத்தில் இருக்கும் ‘கோர்’ பகுதியை மெமரிக்கு ஏற்றுகிறது. இப்போதைய டிஸ்க்குகளில் முதல் பார்ட்டிஷன் 2048-வது செக்டாரில் தொடங்குவதால் கிட்டத்தட்ட 1 எம்பி காலி இடம் கிடைக்கும். எக்ஸ்பி காலத்தில் பிரித்த டிஸ்க்குகளில் தொடக்கம் 63-வது செக்டார், இடமும் சுமார் 31 கேபிதான். அந்தக் கோர் பகுதிக்குள் ஒரு முகவரி பொறிக்கப்பட்டிருக்கும்: ‘மிச்ச க்ரப் 6-வது பார்ட்டிஷனில் /பூட்/க்ரப் என்ற இடத்தில் இருக்கிறது’ என்பது போல. அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்து அங்கே ஒன்றும் இல்லையென்றால்தான் ரெஸ்க்யூ.

உங்களுக்கு நடந்ததும் இதுவே. எம்பிஆர் டிஸ்க்கில் 1 முதல் 4 வரை பிரைமரி எண்கள். லாஜிக்கல் டிரைவுகள் (எக்ஸ்டெண்டட் என்ற பெரிய பார்ட்டிஷனுக்குள் பிரித்தவை) 5-ல் தொடங்கும், அவற்றின் எண் நிலையானதன்று, வரிசையைப் பொறுத்தது. 5-ஐ அழித்தால் 6 என்பது 5 ஆகிவிடும். மின்ட் இருந்த பார்ட்டிஷன் இடம் மாறவில்லை, எண் மட்டும் மாறியது. க்ரப் பழைய எண்ணைத் தேடுகிறது. விண்டோஸும் வராததற்குக் காரணம், மெனுவைக் காட்டும் பகுதியே அந்த லினக்ஸ் பார்ட்டிஷனில்தான் இருக்கிறது.

இனி வேலையைப் பார்ப்போம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. இடைவெளி, சாய்கோடு, அடைப்புக்குறி உள்ளது உள்ளபடி. பென்டிரைவ் ஏதும் செருகியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ‘எச்டி0’ என்பது பென்டிரைவாகிவிடக்கூடும். ரெஸ்க்யூ வரியில் எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் ஆகிய நான்கைத் தவிர வேறெதுவும் ஓடாது. முதலில்:

எல்எஸ்

(எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்5) (எச்டி0,எம்எஸ்டாஸ்2) (எச்டி0,எம்எஸ்டாஸ்1) என்பது போல ஒரு வரி வரும். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்:

எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்5)/

கடைசிச் சாய்கோட்டை விட்டுவிட்டால் உள்ளே இருப்பதைக் காட்டாது. விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு ‘அன்நோன் ஃபைல்சிஸ்டம்’ என்று வரும், பயப்பட வேண்டாம். என்டிஎஃப்எஸ் படிக்கும் மாட்யூல் இந்தக் கட்டத்தில் க்ரப்பிடம் இல்லை, அவ்வளவுதான். பூட், இடிசி, ஹோம், யுஎஸ்ஆர் என்று பெயர்கள் வரிசையாக வந்தால் அதுதான் மின்ட். அது 5 என்று வைத்துக்கொண்டால்:

செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/க்ரப்
செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடக்கூடாது. நான்காவது வரியோடு பழைய மெனு வந்துவிட வேண்டும். இதுவரை செய்தது எதுவும் டிஸ்க்கில் எழுதப்படவில்லை, எல்லாம் மெமரியில்தான். தப்பாக அடித்தாலும் ரீஸ்டார்ட் செய்து மறுபடி தொடங்கலாம். இந்த வழியை முதலில் சொல்வதற்குக் காரணமும் அதுதான். மெனுவில் மின்டைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனதும் டெர்மினலில்:

சுடோ க்ரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ
சுடோ அப்டேட்-க்ரப்

முதல் வரி புதிய எண்ணோடு கோர் பகுதியை மறுபடி எழுதுகிறது. ‘எஸ்டிஏ’ என்று டிஸ்க்கின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும், ‘எஸ்டிஏ5’ என்று பார்ட்டிஷன் பெயரைக் கொடுக்கக்கூடாது. இரண்டாவது வரியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். இதைச் செய்யாவிட்டால் மெனுவில் பழைய வரிகளே நிற்கும்.

மெனுவில் விண்டோஸ் காணவில்லை என்றால் அதுவும் பழுது அல்ல. க்ரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-ப்ரோபர்’ தானாக ஓடாதபடி நிறுத்தப்பட்டிருக்கிறது. சில லினக்ஸ்கள் அதைத் திரும்ப இயக்கித் தருகின்றன, சில தருவதில்லை. /இடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் ‘க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்’ என்ற வரியைச் சேர்த்து (சமக்குறிக்கு முன்னுள்ளது பெரிய எழுத்து, பின்னுள்ளது சிறிய எழுத்து) மறுபடி அப்டேட்-க்ரப் கொடுங்கள்.

‘இன்ஸ்மாட் நார்மல்’ கொடுத்ததும் ‘சிம்பல் க்ரப்_காலாக் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் கதை வேறு. எம்பிஆரை ஒட்டியுள்ள கோர் ஒரு பதிப்பு, பார்ட்டிஷனில் உள்ள மாட்யூல்கள் வேறு பதிப்பு என்று பொருள். 2020-ல் க்ரப்பில் இருந்த ‘பூட்ஹோல்’ என்ற ஓட்டைக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தபோது பலர் இதைச் சந்தித்தார்கள். இரண்டு டிஸ்க் உள்ள கணினியில், அப்டேட் ஆகும் க்ரப் ஒரு டிஸ்க்கில் எழுதப்பட, பயாஸ் மற்ற டிஸ்க்கிலிருந்து பூட் ஆனால் இப்படித்தான் முடியும். அதற்கு லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) தேவை, அதிலிருந்து க்ரப்பை எழுதும் வழி கீழே இருக்கிறது. சரிசெய்த பிறகு ‘சுடோ டிபிகேஜி-ரீகன்ஃபிகர் க்ரப்-பிசி’ கொடுத்து, பயாஸ் எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆகிறதோ அதற்கு நேரே டிக் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த அப்டேட்டில் திரும்ப வரும்.

இப்போது ஃபிக்ஸ்எம்பிஆர். அது ஆபத்தான கட்டளை என்று சொல்ல மாட்டேன். 446 பைட் பூட் கோடை மட்டும் விண்டோஸின் கோடாக மாற்றும், பார்ட்டிஷன் டேபிளைத் தொடாது. விளைவு, விண்டோஸ் வரும், லினக்ஸ் வராது. லினக்ஸையே அழித்துவிட்டவர்களுக்கு இதுதான் சரியான வழி. ஆனால் ஒரு சிக்கல். விண்டோஸின் கோடு ‘ஆக்டிவ்’ என்று குறிக்கப்பட்ட பிரைமரி பார்ட்டிஷனைத் தேடிப்போகும். லினக்ஸ் நிறுவும்போது யாராவது அந்தக் குறியை லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு மாற்றியிருந்தால், ஃபிக்ஸ்எம்பிஆருக்குப் பிறகு ‘மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்று வரும். உடனே எம்பிஆர் இன்னும் கெட்டுவிட்டது என்று நினைத்து மேலும் மேலும் எழுதத் தொடங்குவார்கள். தேவை இது மட்டும்தான்: ரெக்கவரி கமாண்ட் ப்ராம்ப்டில் ‘டிஸ்க்பார்ட்’, பிறகு ‘செலக்ட் டிஸ்க் 0’, ‘லிஸ்ட் பார்ட்டிஷன்’, சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து ‘ஆக்டிவ்’.

திரையில் வரும் வாசகமே எந்தக் கண்ணி அறுந்தது என்று சொல்லிவிடும். ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்பது பயாஸின் குரல். டிஸ்க்கையே காணவில்லை, அல்லது 55 ஏஏ அடையாளம் இல்லை. ‘இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்’, ‘மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்’ இரண்டும் விண்டோஸ் எம்பிஆர் கோடு பேசுவது. ‘க்ரப்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அல்லது ‘க்ரப் ரீட் எரர்’ என்று நின்றால் 446 பைட் சரி, கோர் பகுதியைப் படிக்க முடியவில்லை. ரெஸ்க்யூ என்ற சொல் இல்லாமல் வெறும் ‘க்ரப்>’ வந்தால் எல்லாம் ஏறிவிட்டது, மெனுக் கோப்பான க்ரப்.சிஎஃப்ஜி மட்டும் காணோம். ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’ வந்தால் எம்பிஆர் நன்றாகவே இருக்கிறது, பிரச்சினை விண்டோஸ் பார்ட்டிஷனுக்குள். நீலத் திரையில் 0எக்ஸ்சி000000எஃப் என்ற எண் வந்தால் பெரும்பாலும் பிசிடி என்ற விண்டோஸ் பூட் அமைப்புக் கோப்பில் பிரச்சினை.

உண்மையிலேயே எம்பிஆர் கெட்டதா என்று கண்ணால் பார்க்கலாம். மின்ட் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து:

சுடோ டிடி ஐஎஃப்=/டெவ்/எஸ்டிஏ பிஎஸ்=512 கவுண்ட்=1 | ஹெக்ஸ்டம்ப் -சி

கடைசி ‘-சி’ மட்டும் பெரிய எழுத்து. ‘ஐஎஃப்’ என்பதை ‘ஓஎஃப்’ என்று மாற்றி அடித்துவிடாதீர்கள், அது படிக்காது, எழுதும். வலப்பக்கத் தூணில் ‘க்ரப்’, ‘ஜியாம்’, ‘ஹார்ட் டிஸ்க்’, ‘ரீட்’, ‘எரர்’ என்ற சொற்கள் தெரிந்தால் அது க்ரப்பின் கோடு. ‘இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்’ என்ற வாசகம் தெரிந்தால் விண்டோஸ் அதன்மேல் எழுதிவிட்டது. 1பிஇ என்ற இடத்தில் (திரையில் 1பி0 வரியின் கடைசி இரண்டு பைட்டில்) டேபிள் தொடங்கும். அங்கிருந்து எண்ணி, 16 பைட் கொண்ட ஒவ்வொரு டேபிள் வரியிலும் முதல் பைட் 80 என்றால் ஆக்டிவ், 00 என்றால் இல்லை. ஐந்தாவது பைட் வகை: 07 என்டிஎஃப்எஸ், 83 லினக்ஸ், 82 ஸ்வாப், 05 அல்லது 0எஃப் எக்ஸ்டெண்டட். அந்த இடத்தில் ‘இஇ’ என்று இருந்தால் இது எம்பிஆர் டிஸ்க்கே அல்ல, ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறை.

கோடு மட்டும் மாறி, டேபிள் ஒழுங்காக இருந்தால் (விண்டோஸைத் திரும்ப நிறுவியவர்களின் நிலை பெரும்பாலும் இது), லைவ் யுஎஸ்பியிலிருந்தே:

சுடோ எல்எஸ்பிஎல்கே -எஃப்
சுடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ5 /எம்என்டி
சுடோ க்ரப்-இன்ஸ்டால் --பூட்-டைரக்டரி=/எம்என்டி/பூட் /டெவ்/எஸ்டிஏ

முதல் வரியில் ‘இஎக்ஸ்டி4’ என்று இருப்பதைப் பார்த்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் அதையும் /எம்என்டி/பூட்டில் மவுண்ட் செய்த பிறகே மூன்றாவது வரி. லைவ் யுஎஸ்பியையும் லெகசி (பழைய பயாஸ்) முறையில்தான் பூட் செய்திருக்க வேண்டும். யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்தது) முறையில் பூட் செய்துவிட்டு இதைக் கொடுத்தால் க்ரப் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேடி, காணோம் என்று திரும்பிவிடும். /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருந்தால் யுஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் லெகசி.

64 பைட் டேபிளும் சுழியாக இருந்தால் மட்டுமே நிலைமை தீவிரமானது. அப்போது இன்ஸ்டாலர் எதையும் ஓட்டாதீர்கள், ‘இனிஷியலைஸ் டிஸ்க்’ என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். லைவ் யுஎஸ்பியில் டெஸ்ட்டிஸ்க் நிறுவி, அனலைஸ், பிறகு குயிக் செர்ச். கிடைத்த ஒவ்வொரு பார்ட்டிஷன் மீதும் ‘பி’ விசையை அழுத்தினால் உள்ளே உள்ள ஃபைல் பெயர்கள் தெரியும். அவை உங்களுடையவைதான் என்று உறுதியான பிறகே ரைட். அழித்த டிரைவையும், அதன்மேல் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை என்றால், இதே வழியில் மீட்கலாம். ஆனால் மீட்டால் எண்கள் மறுபடி மாறும், க்ரப்-இன்ஸ்டால் இன்னொரு முறை தேவைப்படும்.

க்ரப்பைச் சரிசெய்தும் சில நாளில் மறுபடி கெடுகிறது என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, விண்டோஸில் லைசென்ஸ் பூட்டு போட்டு வரும் விலையுயர்ந்த மென்பொருள்கள். ஃப்ளெக்ஸ்நெட் போன்ற லைசென்ஸ் முறைகள் முதல் பார்ட்டிஷனுக்கு முந்தைய அந்தக் காலி இடத்தில் ஒரு செக்டாரில் தம் அடையாளத்தை எழுதிவைக்கின்றன. க்ரப்பின் கோரும் அங்கேதான் குடியிருக்கிறது. க்ரப்-இன்ஸ்டால் ஓடும்போது ‘செக்டார் 32 இஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று ஒரு எச்சரிக்கை வந்தால் அதைப் படிக்காமல் விடாதீர்கள். புதிய க்ரப் அந்தச் செக்டாரைத் தவிர்த்து எழுதிக்கொள்ளும். மென்பொருளைப் பிறகு நிறுவினால்தான் மோதல்.

இன்னொன்று டிஸ்க்கே. ‘சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ’ (ஸ்மார்ட்மான்டூல்ஸ் பேக்கேஜில் இருக்கிறது) கொடுத்து மூன்று வரிகளின் கடைசி எண்ணைப் பாருங்கள். ரீஅலகேட்டட் செக்டார், கரண்ட் பெண்டிங் செக்டார் இரண்டும் சுழியாக இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் பூட் ரெக்கார்டைச் சரிசெய்து பயனில்லை, முதலில் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். யுடிஎம்ஏ சிஆர்சி எரர் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள். கேபிளை மாற்றிவிட்டு எண் நின்றுவிட்டதா என்று பாருங்கள். பழைய டெஸ்க்டாப் என்பதால் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் பார்ப்பது நல்லது. அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய், சாட்டா முறையோ பூட் வரிசையோ மாறிவிடும். கணினியின் தேதி பல வருடம் பின்னே காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

மேலே சொன்னதெல்லாம் லெகசி பயாஸும் எம்பிஆரும் உள்ள கணினிக்கு. விண்டோஸ் 11-ஓடு வந்த லேப்டாப் வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு ஃபிக்ஸ்எம்பிஆர் ஓட்டினால் ஒன்றும் ஆகாது, அங்கே எம்பிஆரிலிருந்து பூட் ஆவதே இல்லை. எஃப்ஏடி32-ல் உள்ள ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸுக்கு ஒரு ஃபோல்டர். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. அப்டேட்டுக்குப் பிறகு நேராக விண்டோஸுக்குப் போகிறது என்றால் பெரும்பாலும் வரிசைதான் மாறியிருக்கும். எஃப்2 அல்லது எஃப்12 மெனுவில் லினக்ஸை மேலே ஏற்றினால் போதும். பெயரே இல்லையென்றால் லைவ் யுஎஸ்பியில் (யுஇஎஃப்ஐ முறையில்) லினக்ஸ் பார்ட்டிஷனை /எம்என்டியிலும், ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை /எம்என்டி/பூட்/ஈஎஃப்ஐயிலும் மவுண்ட் செய்து, /டெவ், /ப்ராக், /சிஸ், /ரன் நான்கையும் ‘மவுண்ட் --ஆர்பைண்ட்’ கொண்டு உள்ளே இணைத்து, சிஎச்ரூட் செய்து (அந்த லினக்ஸுக்குள் நுழைந்து), உபுண்டு, மின்ட் வகைகளில் வெறும் ‘க்ரப்-இன்ஸ்டால்’, ‘அப்டேட்-க்ரப்’ கொடுங்கள். அங்கே டிஸ்க் பெயர் தேவையில்லை. விண்டோஸ் பக்கம் கெட்டிருந்தால் டிஸ்க்பார்ட்டில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுத்துவிட்டு:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ

ரெக்கவரியில் சி டிரைவ் பல நேரம் டி என்று மாறியிருக்கும், ‘டிஐஆர்’ கொடுத்து உறுதிசெய்யுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட லேப்டாப் என்றால், பூட் அமைப்பில் எதைத் தொடுவதற்கும் முன் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இருக்க வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் இழப்பது டேட்டாவை.

2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு வந்த ‘எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்டு’ என்ற வாசகமும் பூட் ரெக்கார்டு பழுது அன்று. லினக்ஸின் பழைய ஷிம்மை (க்ரப்புக்கு முன் ஓடும் சிறு பூட் கோப்பு) செக்யூர் பூட் (கையொப்பம் உள்ள பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் யுஇஎஃப்ஐ காவல்) மறுக்கிறது. செக்யூர் பூட்டை நிறுத்திவிட்டு லினக்ஸுக்குள் போய் ‘சுடோ மோக்யூடில் --செட்-எஸ்பிஏடி-பாலிசி டிலீட்’ கொடுத்து, ஒருமுறை ரீபூட் செய்து மறுபடி லினக்ஸுக்கே வந்து, ஷிம், க்ரப் இரண்டையும் அப்டேட் செய்த பிறகு செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குங்கள்.

உங்கள் டெஸ்க்டாப்பில் மெனு வந்து எல்லாம் சரியானதும், அன்றே இந்த இரண்டு வரிகளையும் ஓட்டி, கிடைக்கும் கோப்புகளைப் பென்டிரைவில் போட்டு வையுங்கள்:

சுடோ டிடி ஐஎஃப்=/டெவ்/எஸ்டிஏ ஓஎஃப்=எம்பிஆர்.பின் பிஎஸ்=512 கவுண்ட்=1
சுடோ எஸ்எஃப்டிஸ்க் -டி /டெவ்/எஸ்டிஏ > டேபிள்.டிஎக்ஸ்டி

எஸ்எஃப்டிஸ்க் கொடுக்கும் கோப்பில் லாஜிக்கல் டிரைவுகளின் தொடக்கமும் அளவும் எழுத்தாகவே இருக்கும், 512 பைட் நகலில் அவை இருக்காது. பின்னால் பூட் கோடை மட்டும் திரும்ப எழுத வேண்டி வந்தால் பிஎஸ்=446 என்று கொடுங்கள். 512 கொடுத்தால் பழைய பார்ட்டிஷன் டேபிளும் சேர்ந்து ஏறும். இடையில் பார்ட்டிஷன்களை மாற்றியிருந்தால் புதியவை டேபிளிலிருந்து மறைந்துவிடக்கூடும்.